தடைக்காலத்துக்கு முன் எடுத்த காப்பீடு: கபடி, வாலிபால் நடுவர்கள் வாங்கலாமா?

ஏப்ரல் 15 வந்தால் எங்கள் கரையில் விசைப்படகுகள் எல்லாம் நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பையன்கள் ஊரில்தான் இருப்பார்கள், சித்திரை வைகாசித் திருவிழாக்களும் அப்போதுதான் வரும். மண்டபத்திலிருந்து தொண்டி வரை எந்த ஊரைக் கேட்டாலும் ஒரு கபடிப் போட்டியோ வாலிபால் போட்டியோ நடந்துகொண்டிருக்கும். அந்தப் போட்டிகளில் விசில் ஊதுகிறவர்களில் நானும் ஒருவன். மற்ற நாட்களில் பாம்பன் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.

எங்கள் நடுவர் குழுவில் பதினெட்டுப் பேர். மீனவர்கள், இரண்டு உடற்கல்வி ஆசிரியர்கள், ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆட்டோ ஓட்டுபவர் என்று கலவையான கூட்டம். நாங்கள் சேர்ந்து எடுத்த காப்பீட்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு கவருக்குள் இரண்டு பாலிசி: ஒன்று குழு விபத்துக் காப்பீடு, அடிபட்டால் நமக்குப் பணம். மற்றது பொறுப்புக் காப்பீடு, நம்மால் இன்னொருவருக்குக் காயம் வந்தது என்று யாராவது நஷ்ட ஈடு கேட்டால் அதைப் பார்த்துக்கொள்வது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. கீழே ஒரு குறையும் சொல்லப் போகிறேன் என்பது ஒரு காரணம். பாலிசி வாசகம் பல கம்பெனிகளில் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பது இன்னொன்று. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் நீங்கள் பார்க்க வேண்டிய வரிகள் இவைதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுப்புக் காப்பீடு வாங்குங்கள், ஆனால் ஏஜென்ட் முதலில் நீட்டும் பிரதியை அப்படியே வாங்காதீர்கள். விபத்துக் காப்பீடு பரவாயில்லை ரகம். வருமானச் சான்று இல்லாத தொழிலாளிக்கு அதில் ஒரு பெரிய முள் இருக்கிறது.

"அடிபடுறது விளையாடுற பய, ஒனக்கு எதுக்குண்ணே இன்ஷூரன்ஸ்?" என்று எங்கள் தெருவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. கபடியில் இறங்குபவன் கீழே விழுவோம், மேலே நாலு பேர் விழுவார்கள் என்று தெரிந்துதான் இறங்குகிறான். சட்டமும் இதை ஏற்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆவது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 87, இதைத்தான் சொல்கிறது. சாவையோ கொடுங்காயத்தையோ உண்டாக்கும் எண்ணம் இல்லாமல், 18 வயது தாண்டியவரின் சம்மதத்தோடு செய்த செயலால் வரும் காயம் குற்றமாகாது. சட்டப் புத்தகத்தில் இதற்குக் கொடுத்திருக்கும் உதாரணமே ஒரு விளையாட்டுதான்: பொழுதுபோக்குக்காக வாள்வீச்சு ஆடும் இரண்டு பேர். ஆனால் அந்த உதாரணத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. முறைகேடு இல்லாமல், ஒழுங்காக ஆடும்போது வந்த காயமாக இருக்க வேண்டும். ஒழுங்காக ஆட வைப்பது யார் வேலை? களத்தில் விசில் வைத்திருப்பவர் வேலை. நம் பக்கம் கேள்வி திரும்புவது அந்த இடத்தில்தான்.

இங்கிலாந்தில் இது வழக்காகவே போயிருக்கிறது. 1991 அக்டோபரில் 19 வயதுக்குட்பட்டோர் ரக்பி ஆட்டம். இரண்டு அணியின் முன்வரிசையும் தலையைக் குனிந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம் திரும்பத் திரும்பச் சரிந்தது. கடைசியில் ஒரு பையனின் கழுத்தெலும்பு முறிந்து உடம்பு செயலிழந்தது. அந்த வயதுக்காரர்களுக்கென்று இருந்த பாதுகாப்பு விதியை நடுவர் நடைமுறைப்படுத்தவில்லை என்று 1996இல் நீதிமன்றம் அவரைப் பொறுப்பாக்கியது. மேல்முறையீட்டிலும் அது மாறவில்லை. அடுத்தது வேல்ஸில், 1998 ஜனவரியில் நடந்த ஆட்டம். அங்கே நடுவர் நம்மைப் போல அமெச்சூர். முன்வரிசையில் பழக்கமில்லாத ஒருவரை மாற்று ஆளாக நிறுத்தியும், ஸ்க்ரமில் இரண்டு அணியும் போட்டி போட்டுத் தள்ளுவதை நிறுத்தாமல் விட்டார். 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் மீதான பொறுப்பை உறுதி செய்தது. இரண்டு தீர்ப்பும் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கின்றன. ஆட்டத்தின் வேகத்தில் ஒரு முடிவு தவறிப் போனால் அதற்காக நடுவர் மாட்ட மாட்டார். பாதுகாப்புக்கென்று எழுதி வைத்த விதியைக் கண்டுகொள்ளாமல் விட்டால் மாட்டுவார். வேல்ஸ் வழக்கில் அந்த நாட்டு ரக்பி சங்கம் நடுவருக்குப் பின்னால் பொறுப்பேற்று நின்றது. திருவிழாக் கமிட்டி எழுநூறு ரூபாய் பேட்டாவும் மத்தியானச் சாப்பாடும் கொடுத்துக் கூப்பிடும் எங்களுக்குப் பின்னால் அப்படி யார் நிற்பார்கள்? அமெரிக்காவில் தன்னார்வலர்களுக்கென்று 1997இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தார்கள். நம் ஊரில் நடுவருக்கென்று தனிச் சட்டம் கிடையாது, கவனக்குறைவு பற்றிய பொதுச் சட்டம்தான் நமக்கும்.

2022 ஜூலையில் பண்ருட்டி அருகே கபடிக் களத்திலேயே ஒரு இளைஞர் விழுந்து இறந்தது பலருக்கும் நினைவிருக்கும். பாடிப் போனவர் பிடிபட்டு விழுந்து, எழப் பார்த்து, அப்படியே சாய்ந்த அந்த வீடியோ எங்கள் எல்லார் போனிலும் வந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் குழுவில் இந்தப் பேச்சே ஆரம்பித்தது.

சரி, பாலிசிக்கு வருவோம். ராமநாதபுரத்தில் ஒரு ஏஜென்ட் அக்கா மூலமாக எடுத்தோம். பொறுமைசாலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்துக்கே வந்து, மர நிழலில் உட்கார்ந்து எங்கள் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். அவர் கொண்டு வந்த முதல் மாதிரிப் பிரதியைத் தமிழாசிரியர் வாங்கி, பேனாவை வைத்து வரி வரியாகப் படித்தார். இரண்டு இடத்தில் கோடு போட்டார்.

முதல் கோடு, காப்பீடு பெறுபவர் யார் என்ற கட்டத்தில். அங்கே 'போட்டி அமைப்பாளர்' என்று மட்டும் இருந்தது. நடுவர் என்ற சொல் பாலிசி முழுக்க எங்குமே இல்லை. பணம் கட்டுவது நாங்கள், பாதுகாப்பு விழாக் கமிட்டிக்கு! கம்பெனியில் கேட்டால், பதிவு பெற்ற அமைப்பின் பெயர் இருந்தால்தான் குழுவைச் சேர்க்க முடியும் என்றார்கள். அதனால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் குழுவைப் பதிவு செய்தோம். ஏழு பேர் இருந்தால் போதும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் வேலை முடிந்துவிடும். பதிவில்லாத குழு என்றால் வழக்கு வரும்போது தனித்தனி ஆளின் வீட்டு வாசலுக்குத்தான் வரும், ஆகவே காப்பீடு எடுக்காவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள். பிறகு சங்கத்தின் பெயரும், 'அதன் சார்பில் நடுவராக, துணை நடுவராக, ஸ்கோரராகப் பணிபுரியும் உறுப்பினர்கள்' என்ற வாசகமும் அந்தக் கட்டத்தில் ஏறின.

இரண்டாவது கோடு விலக்குகள் பக்கத்தில். போட்டியில் 'பங்கேற்பவர்களுக்கு' ஏற்படும் காயத்துக்குப் பொறுப்பில்லை என்று அங்கே இருந்தது. போட்டிகளுக்கான பொறுப்புக் காப்பீட்டில் இது சாதாரணமாக வரும் வரி. பார்வையாளர் மேல் பந்தல் கால் விழுந்தால் காசு வரும், ஆடுபவனின் முழங்கால் போனால் வராது. நடுவருக்கு வரும் வில்லங்கத்தில் பெரும்பங்கு ஆட்டக்காரர் வழியாகத்தான் வரும். அந்த ஒரு வரியோடு வாங்கினால் பாலிசியைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதைத் தவிர வேறு உபயோகம் இல்லை. கூடுதல் பிரீமியம் கட்டினால் இதை ஒரு இணைப்புத் தாள் போட்டு நீக்குவார்கள். நாங்கள் நீக்கித்தான் வாங்கினோம்.

கணக்கு இது: ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம், வருடம் முழுக்க 20 லட்சம் வரை. அடிப்படைப் பிரீமியம் 14,000, ஆட்டக்காரர் விலக்கை நீக்க 4,500, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 21,830 ரூபாய், தலைக்கு 1,213. விபத்துக் காப்பீடு 5 லட்சத்துக்குத் தலைக்கு 590. ஆக ஒருவருக்கு ஆயிரத்து எண்ணூறு சொச்சம். இரண்டரை நாள் பேட்டா. ஒவ்வொரு நஷ்ட ஈட்டிலும் முதல் 10,000 ரூபாயை நாமே போட வேண்டும்.

இது எதைக் கொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். குற்ற வழக்கை இது தொடாது. கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106, ஐந்து வருடம் வரை சிறை. பழைய 304ஏ பிரிவில் இரண்டு வருடமாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் கூடிவிட்டது. உயிருக்கு ஆபத்து உண்டாக்கும் அலட்சியத்துக்கு 125, அதனால் கொடுங்காயம் வந்தால் மூன்று வருடம் வரை போகும். அபராதத்தைக் கம்பெனி கட்டாது. களத்தில் ஒரு சாவு நடந்தால் போலீஸ் சந்தேக மரணம் என்று விசாரணை தொடங்கும், நடுவரைக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கும். அங்கே பாலிசி எண்ணைச் சொல்லி ஒன்றும் ஆகாது. ஆட்டத்துக்கு முன் என்ன பார்த்தீர்கள், எதை எழுதி வைத்தீர்கள் என்பதுதான் பேசும். 'பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் 1991 இருக்கே, அதுல வராதா' என்று கமிட்டிக்காரர் ஒருவர் கேட்டார். அது ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் தொழிற்சாலைகளுக்கான சட்டம், விளையாட்டோடு சம்பந்தமில்லை.

இந்தக் காப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏஜென்ட் அக்கா கூடவே கொடுத்த ஆட்டத்துக்கு முந்தைய சோதனைத் தாள். இங்கிலீஷில் இருந்தது. தமிழாசிரியர் எங்கள் ஊருக்குத் தகுந்தபடி ஒரு பக்கத்தில் மாற்றி எழுதிக் கொடுத்தார். கபடி விதியிலேயே இருப்பவைதான் பாதி: நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் சங்கிலி கூடாது, உடம்பில் எண்ணெய் தடவக் கூடாது. மீதி எங்கள் மண்ணுக்கானவை. கடற்கரைக் களத்தில் சிப்பி உடைசல் கிடக்கும். மேலே மணலைப் பரப்பி மூடியிருப்பார்கள், பத்து ரைடுக்குள் மேலே வந்துவிடும். உள்ளே தள்ளிய ஊர் என்றால் சீமைக் கருவேல முள். அதனால் களத்தைப் பார்ப்பது என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் மணலைக் கீறிக்கொண்டே 13 மீட்டர் நீளத்தையும் 10 மீட்டர் அகலத்தையும் நடந்து பார்ப்பது என்று தாளில் எழுதியிருக்கிறோம். அப்புறம் போக்கஸ் லைட் ஒயர். உப்புக் காற்றில் இன்சுலேஷன் டேப் பிசுபிசுத்துக் கழன்றுவிடும், ராத்திரி ஈரமணலில் அந்த ஒயர் கிடந்தால் அதைத் தூக்கிக் கட்டாமல் டாஸ் போடுவதில்லை. எல்லைக் கோட்டுக்கு வெளியே நாற்காலியும் சவுக்குக் கம்பும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்ப்பதும் உண்டு. கேலரி கட்டியிருந்தால் யார் கட்டியது, எத்தனை பேர் ஏறலாம் என்று கமிட்டியிடம் எழுதி வாங்குகிறோம். 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டியிலேயே கேலரி சரிந்து நூறு பேருக்கு மேல் காயம்பட்டார்கள். தேசியப் போட்டியிலேயே அது நடந்திருக்கிறது, நம் ஊர்ச் சவுக்குக் கம்புக் கேலரியை நினைத்துப் பாருங்கள்.

திருவிழாக் காலத்தில் கையில் காப்பு கட்டியிருப்பார்கள். கயிறோடு மஞ்சள், சில ஊரில் செம்பு வளையமே இருக்கும். விதிப்படி களத்தில் எதுவும் கூடாது. "சாமி காப்ப அறுக்கச் சொல்ல நீங்க யாருண்ணே?" என்று ஒரு ஊரில் கூட்டமே திரண்டுவிட்டது. அறுக்கச் சொல்வது சரியும் இல்லை, கொடியிறக்கம் வரை அது அவன் நேர்த்தி. அதனால் இப்போது முதலுதவிப் பெட்டியில் அகலமான பிளாஸ்டர் சுருள் இரண்டு கூடுதலாக வைத்திருக்கிறோம். காப்பை மணிக்கட்டோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றிவிடுவோம், விரல் மாட்டாது, கீறாது. செம்பு வளையம் என்றால் பஞ்சு வைத்துச் சுற்றுவோம். அரைஞாண் கயிற்றில் தாயத்து தொங்கினால் அதை உள்பக்கம் திருப்பி ஒட்டிவிடுவோம். முதலில் முகம் சுளித்தவர்கள் இப்போது தாங்களாகவே கையை நீட்டுகிறார்கள். பாலிசி இல்லாவிட்டாலும் இந்தத் தாளை நான் கைவிட மாட்டேன்.

இனி, பாலிசியைப் பயன்படுத்த வேண்டி வந்த கதை. தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு கடற்கரைக் கிராமம், தடைக்காலப் போட்டி, ராத்திரி ஆட்டம். எங்கள் குழுவிலேயே இளையவர் ரெஃப்ரி. முதல் பாதியில் ஒரு கார்னர் ஆட்டக்காரர் முரட்டுத்தனமாக இழுத்ததற்குப் பச்சை அட்டை காட்டி எச்சரித்தார். இரண்டாம் பாதியில் அதே ஆள், ரைடரின் காலைத் தன் இரண்டு கால்களுக்கிடையே கோத்துத் திருகிவிட்டார். கத்தரிப் பிடி, விதியில் தெளிவாகத் தடை செய்யப்பட்டது. உடனே விசில், மஞ்சள் அட்டை, 2 நிமிடம் வெளியே. ஆனால் ரைடரின் முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. 108 வந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள்.

சில வாரம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. கமிட்டித் தலைவர், செயலாளர், ரெஃப்ரி மூன்று பேருக்கும். முதல் பாதியிலேயே அந்த ஆளை வெளியேற்றியிருக்க வேண்டும், விட்டதால்தான் காயம் என்று சொல்லி நாலு லட்சம் கேட்டிருந்தார்கள். தம்பிக்குக் கை நடுங்கிவிட்டது. கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் வேறு.

கம்பெனி இங்கே நன்றாக நடந்துகொண்டது. அன்று சாயங்காலமே ஏஜென்ட் அக்கா நோட்டீஸை மதுரை அலுவலகத்துக்கு அனுப்பினார். அந்த வாரமே அவர்கள் தரப்பு வக்கீல் தம்பிக்குப் போன் செய்தார். அவர் கேட்டவை ஸ்கோர் ஷீட், சோதனைத் தாள், வீடியோ. ஸ்கோர் ஷீட்டின் பின்பக்கம், ஆட்டத்துக்கு முன் இரண்டு கேப்டனிடமும் கத்தரிப் பிடி பற்றி எச்சரித்ததாக ஸ்கோரர் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார். உள்ளூர் யூடியூப் சேனல் நேரலையில் பச்சை அட்டை காட்டியது பதிவாகியிருந்தது. முதல் முறைக்கு எச்சரிக்கை, அடுத்ததற்கு வெளியேற்றம் என்று விதிப்படியே போயிருக்கிறார் என்று பதில் நோட்டீஸ் போனது. பிறகு கமிட்டியும் பையனின் குடும்பமும் பேசி, ஆஸ்பத்திரிச் செலவைக் கமிட்டி ஏற்றுக்கொண்டது. தம்பி மீதான கோரிக்கையை எழுத்துமூலம் விலக்கிக்கொண்டார்கள். வக்கீல் செலவு முழுக்கக் கம்பெனியுடையது.

இதில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பாலிசி நிபந்தனைகளில், கம்பெனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்று இருக்கும். நம் ஊர் வழக்கம் என்ன? அடிபட்டவனைப் பார்க்கப் போவோம். தம்பி மறுநாளே ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய், பையனின் அம்மா கையில் ஐயாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நோட்டீஸ் வந்ததும் அவருக்கு அதுவே பயமாகிவிட்டது. கம்பெனி வக்கீல் தெளிவாகச் சொன்னார்: பார்க்கப் போனதும் செலவுக்குக் கொடுத்ததும் மனிதாபிமானம், அதை யாரும் குற்ற ஒப்புதலாக எடுக்க முடியாது. ஊர்க்கூட்டத்தில் உட்கார வைத்து 'என் தவறால் நடந்தது, இவ்வளவு தருகிறேன்' என்று பேப்பரில் கையெழுத்துப் போட்டால்தான் பாலிசி போய்விடும். தயவுசெய்து இந்த நிபந்தனைக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். போங்கள், பக்கத்தில் உட்காருங்கள், உதவுங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள். அந்தப் பையனும் தம்பியும் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள் என்றால் அந்த ஆப்பிள் பைக்கு அதில் பங்குண்டு.

விபத்துக் காப்பீட்டில் அனுபவம் கசப்பு. எங்கள் வாலிபால் நடுவர் ஒருவர், தொழில் மீன்பிடி. மணலில் நட்டிருந்த நடுவர் ஏணி சாய்ந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வாராவாரம் ஒரு தொகை என்று பாலிசியில் இருந்தது. கேட்டபோது வருமானச் சான்று கொண்டு வா என்றார்கள். அவர் பங்குக்குப் போகிறவர். பாடு கிடைத்தால் பணம், இல்லாவிட்டால் இல்லை. சம்பளச் சீட்டுக்கு எங்கே போவார்? வருமான வரிக் கணக்குக் கேட்டார்கள், படகு உரிமையாளர் எழுதிக் கொடுத்த கடிதத்தை ஏற்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு புது காகிதம் கேட்டார்கள். வலை இழுக்கிற கை அது, கட்டுப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த மனிதரை இப்படி அலைய விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைசியில் மீனவர் கூட்டுறவுச் சங்கச் சான்றும் வங்கிப் பாஸ்புக்கும் வைத்து, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுத்தோம். 30 நாளில் பதில் இல்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கச் சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போவோம், அங்கே கட்டணமே கிடையாது என்றும் அதில் எழுதினோம். அதற்குப் பிறகு பணம் வந்தது. தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிப் போன பிறகு.

ஆகவே வருமானம் சார்ந்த வாராந்திரத் தொகையை நம்பி விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. மருத்துவச் செலவும் நிரந்தர ஊனத்துக்கான தொகையும் இருக்கும் பாலிசியாகப் பாருங்கள். அதற்கு முன், வங்கிக் கணக்கு உள்ள ஒவ்வொருவரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வருடம் 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை, விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை ஓடும், கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வார்கள். மே கடைசியில் கணக்கில் இருப்பு இல்லாமல் பாலிசி போன ஆட்டக்காரர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். தடைக்காலத்தில் யாருடைய கணக்கும் காலியாகத்தானே கிடக்கும். அதனால் கேப்டன்களிடம் இதை நினைவூட்டுவதையும் எங்கள் வேலையாக எடுத்துக்கொண்டோம். இன்னொன்று, முதல் 48 மணிநேரம் அரசே செலவைப் பார்க்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்துக்கு மட்டும்தான். களத்தில் பட்ட அடிக்கு அது வரும் என்று நம்பித் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடாதீர்கள்.

பல கமிட்டிகள் 'என் சொந்தப் பொறுப்பில் விளையாடுகிறேன், அடிபட்டால் யாரையும் கேட்க மாட்டேன்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, அதுவே போதும் என்று நினைக்கின்றன. நம் கரையில் களம் இறங்குபவர்களில் பாதிப் பேருக்கு மீசையே முளைத்திருக்காது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி 18 நிறையாதவர் ஒப்பந்தம் செய்யவே தகுதியில்லாதவர். அவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1903இலேயே, அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பதினேழு வயதுப் பையன் போட்ட கையெழுத்துக்கு மதிப்பில்லை, மேலே சொன்ன 25ஆவது பிரிவின் சம்மதமும் அவனுக்குப் பொருந்தாது. பெரியவர் போட்ட கையெழுத்தும், ஆபத்து தெரிந்து இறங்கினார் என்று காட்ட உதவுமே தவிர, ஒயரைக் கவனிக்காமல் விட்டதற்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது. நாங்கள் அந்தத் தாளில் வயது, ஆதார், ஏதாவது நோய் உண்டா, வீட்டில் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்ற நாலு கட்டங்களைச் சேர்த்தோம். 18 நிறையாதவர் என்றால் அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வலிப்பு உண்டு என்று ஒரு அம்மா அந்தக் கட்டத்தில் எழுதியதால் ஒரு பையனைக் களத்தில் இறக்காமல் விட்டோம். கையெழுத்தைவிட அந்தக் கட்டம் எங்களுக்குப் பெரிது.

புதுப்பிக்கும்போது ஏஜென்ட் அக்காவிடம் இரண்டு திருத்தம் கேட்டிருக்கிறோம். பள்ளி அளவிலான 18 வயதுக்குட்பட்ட போட்டிகள் பாலிசியில் வருமா என்பதைத் தெளிவாக எழுதித் தர வேண்டும், இப்போதைய வாசகத்தில் அது மங்கலாக இருக்கிறது. வாராந்திரத் தொகைக்குக் கூட்டுறவுச் சங்கச் சான்று போதும் என்று இணைப்புத் தாளில் சேர்க்க வேண்டும். முதலாவதற்குச் சம்மதம் வந்துவிட்டது. இரண்டாவதற்கு மதுரையிலிருந்து பதில் வரவில்லை. வராவிட்டால் பொறுப்புக் காப்பீட்டை மட்டும் இதே கம்பெனியில் வைத்துக்கொண்டு, விபத்துக் காப்பீட்டை வேறு இடத்தில் எடுப்பதாகக் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். ஏர்வாடி, சாயல்குடிப் பக்கத்து நடுவர்கள் சேர விரும்பினால் மார்ச் மாதத்துக்குள் சொல்லுங்கள். தலை கூடினால் தலைக்கு வரும் தொகை குறையும், ஏப்ரல் 15க்கு முன் பாலிசி கையில் இருக்க வேண்டும். ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், நடுவர் சான்றிதழ் இருந்தால் அதன் நகல், இவ்வளவு போதும்.